நியூஜெர்சியிலிருந்து டாலஸ்: புது மாநிலத்தில் வீடு தேடுவது இவ்வளவு சோர்வாக இருக்குமா?

கார்த்திகைப்பூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு வேலை மாறியதால் நியூஜெர்சியிலிருந்து டாலஸுக்கு வடக்கே வந்துவிட்டோம். ஐந்தாம் வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டு பிள்ளைகள். இப்போதைக்குக் குறுகிய கால லீஸில் ஒரு அபார்ட்மென்ட். பாதிச் சாமான்கள் கிடங்கில் கிடக்கின்றன, மீதி பெட்டி பிரிக்காமல் ஹாலில் சுவரோரம் அடுக்கியிருக்கின்றன. வாரக் கடைசி வந்தால் வீடு பார்க்கக் கிளம்பிவிடுகிறோம்.

வீடே கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நிறையவே விற்பனைக்கு வருகின்றன. ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது அது நல்ல வீடா இல்லையா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னை வாட்டுகிறது. நியூஜெர்சியில் உள்ளே போனதும் பேஸ்மென்டுக்கு இறங்கி, சுவரோரம் ஈர வாடை அடிக்கிறதா என்று பார்ப்பேன். கொல்லையில் பழைய எண்ணெய் டாங்க் புதைந்திருக்கிறதா என்று கேட்பேன். இங்கே பேஸ்மென்டே கிடையாது. எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது.

சென்ற வாரம் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். மாடிப் படுக்கையறைக் கதவைச் சாத்தினால் நாக்கு பூட்டுத் துளையில் போய் விழவில்லை, கையால் தூக்கித் தள்ள வேண்டியிருந்தது. ஜன்னலின் மேல் மூலையிலிருந்து கூரை நோக்கிச் சாய்வாக ஒரு கோடு. அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதிது. வெளியே வீட்டைச் சுற்றி மண்ணில் கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றைப் போட்டிருந்தார்கள். “இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் இப்படித்தான்” என்றார் ஏஜென்ட். அது உண்மையா?

இன்னொன்று. இந்தப் பகுதி பாதுகாப்பானதா, நம்மவர்கள் இருக்கிறார்களா, பள்ளி எப்படி என்று கேட்டால், “அதை நான் சொல்லக் கூடாது, நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்” என்கிறார். ஊரே தெரியாதவர்கள் யாரிடம் போய் விசாரிப்பது? போதாததற்கு, முதல் வீட்டைக் காட்டும் முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டார். முன்பு நாங்கள் வீடு வாங்கியபோது இப்படி எதுவும் கிடையாது.

இங்கே முன்னால் வந்து செட்டில் ஆனவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

கரிசல்காட்டான் எழுதியது:

முதலில் அந்தக் கதவைப் பற்றி. உங்கள் கண் சரியான இடத்தில்தான் போயிருக்கிறது.

டாலஸ் வட்டாரத்தின் பெரும்பகுதி பிளாக்லேண்ட் ப்ரெய்ரி என்கிற பட்டையில் இருக்கிறது. அசல் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிப்பு விடும். வீடு அதன்மேல் ஒரே கான்கிரீட் ஸ்லாப்பில் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் ஈரம் ஒரே அளவில் இருந்தால் தொல்லை இல்லை. ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்ந்து போனால் ஸ்லாப் கோணலாக அசையும். கதவு பூட்டிக்கொள்ளாததும் ஜன்னல் மூலையில் சாய்வான கீறல் விழுவதும் அதன் அடையாளங்கள்.

அந்த ரப்பர் குழாயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோடையில் மண் காயாமல் இருக்கத் தண்ணீர் கசியவிடும் குழாய் அது. நானும் போட்டிருக்கிறேன். ஜூலை ஆகஸ்டில் அதைத் திறக்காமல் விடுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

“எல்லா வீட்டிலும் இப்படித்தான்” என்பது பாதி உண்மை. மயிரிழைக் கீறல் எல்லா வீட்டிலும் இருக்கும். ஆனால் வெளியே செங்கல் சுவரில் படிக்கட்டுப் போல ஏறும் வெடிப்பு, கராஜ் கதவுச் சட்டத்துக்கும் செங்கலுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி, ஒரு கோலிக்குண்டை விட்டால் தானாக ஓடும் தரை, இவையெல்லாம் வேறு கணக்கு. கீறல் மேல் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வீட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, தரை வீட்டை நோக்கிச் சாய்கிறதா, பெரிய மரம் சுவரை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கோடையில் மரம் அந்தப் பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சிவிடும்.

சந்தேகம் வந்தால் லைசென்ஸ் உள்ள ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைத் தனியாக அழையுங்கள். அஸ்திவாரம் பழுதுபார்க்கும் கம்பெனிகள் இலவசமாகவே வந்து பார்ப்பார்கள், ஆனால் அவர்களுக்கு அஸ்திவாரத்துக்கு அடியில் இறக்கும் பியர் என்கிற தூண்களை விற்க வேண்டும். இன்ஜினியருக்கு விற்க எதுவும் இல்லை, அளந்து எழுதிக் கொடுப்பார். ஏற்கெனவே பழுது பார்த்த வீடு என்றாலே ஓடிவிடவும் வேண்டாம். அந்த ரிப்போர்ட்டையும், அடுத்த உரிமையாளருக்கு மாற்றக்கூடிய வாரன்டியையும், பழுதுக்குப் பிறகு ஸ்லாப்புக்குக் கீழே குழாய் கசிகிறதா என்று சோதித்த சான்றையும் கேட்டு வாங்குங்கள். மூன்றும் கையில் இருந்தால் தொடாத வீட்டைவிட அது எனக்கு நிம்மதி.

---

மூன்றாம்தெரு எழுதியது:

ஏஜென்ட் வாய் திறக்காததற்கு காரணம் இருக்கிறது, அவர்மேல் கோபப்படாதீர்கள். 1968இல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டப்படி இனம், மதம், பிறந்த நாடு போன்றவற்றைக் காட்டி யாரையும் ஒரு பகுதிக்கு இழுக்கவோ ஒரு பகுதியிலிருந்து விலக்கவோ கூடாது. ஒரு காலத்தில் கறுப்பின மக்களை இன்ன தெருவைத் தாண்டி வாங்கவே விடாமல் ஏஜென்டுகள் தடுத்த வரலாறு இந்த நாட்டுக்கு உண்டு. அந்தச் சட்டம் நம்மையும் சேர்த்துத்தான் காக்கிறது. “நம்மவர்கள் எங்கே இருக்கிறார்கள்” என்று நாம் சாதாரணமாகக் கேட்கும் கேள்விக்கு அவர் பதில் சொன்னால் அவருடைய லைசென்ஸுக்கே ஆபத்து.

அந்தக் கேள்வியை ஏஜென்டிடம் கேட்காமல் இடத்தைக் கேளுங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். மாலை ஆறு மணிக்குப் பூங்காவுக்குப் போய் அங்கே நடக்கிற தாத்தா பாட்டிகளிடம் பேச்சுக் கொடுங்கள். குற்றங்களின் வரைபடத்தைப் பல ஊர்களில் காவல் துறையே இணையத்தில் போடுகிறது.

ஒப்பந்தம் புது விதி. 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டைக் காட்டும் முன்பே ஏஜென்ட் உங்களிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்க வேண்டும். ஏஜென்டுகளின் சங்கமான நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் ஒரு வழக்கில் சமரசம் செய்துகொண்டதால் வந்தது. அவருடைய கமிஷன் எவ்வளவு என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். அந்தத் தொகையைப் பேசிக் குறைக்கலாம், சட்டம் எதையும் நிர்ணயிக்கவில்லை. ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு வாரத்துக்கு, அல்லது ஒரே ஒரு வீட்டுக்கு என்று கேளுங்கள். பழகிப் பார்த்துப் பிடித்தால் நீட்டிக்கலாம்.

---

நீலகண்டப்பறவை எழுதியது:

நாங்களும் அதே நிலைமையில்தான் இருக்கிறோம், ஜார்ஜியாவிலிருந்து வந்தோம். எனக்கு வட்டிதான் வயிற்றெரிச்சல். வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபிரெடி மேக் நிறுவனத்தின் கணக்கில் 30 ஆண்டுக் கடனுக்குச் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம் வரை இறங்கியது, 2023 அக்டோபரில் 7.79 வரை ஏறியது. 2021 வாக்கில் குறைந்த வட்டியில் கடன் வாங்கியவர்கள் அதை விட்டுக் கிளம்ப மனசில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்மைப் போல வேலைக்காக இடம் மாறுகிறவர்கள்தான் பழைய வட்டியை இழந்து புது வட்டியில் மாட்டுகிறோம். நாமாக விரும்பியா வந்தோம்?

---

எஸ்க்ரோகடிதம் எழுதியது:

சொத்து வரியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. டெக்சஸுக்குப் புதிதாக வருகிறவர்களை அதிகம் காயப்படுத்துவது அதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இங்கே மாநில வருமான வரி இல்லை என்று சந்தோஷமாக வருகிறோம். பள்ளி, சாலை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் பணம் வீட்டின் மேல்தான் விழுகிறது. கவுன்டி, நகரம், பள்ளி மாவட்டம், சமுதாயக் கல்லூரி என்று தனித்தனியாக வரி போடுவார்கள். எல்லாம் சேர்ந்து 2 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். நியூஜெர்சியிலும் வரி அதிகம்தான், ஆனால் அங்கே விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த வரியைத்தான் நீங்களும் ஏறக்குறைய கட்டியிருப்பீர்கள். இங்கே அப்படி நம்பக் கூடாது.

காரணம், அந்தத் தொகை இப்போது இருப்பவரின் சலுகைகளோடு சேர்ந்த தொகை. சொந்தக் குடியிருப்புக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு உண்டு. பள்ளி வரிக்கான மதிப்பில் 1 லட்சம் டாலர் கழித்துக்கொண்டிருந்தார்கள், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் அதை 1 லட்சத்து 40 ஆயிரமாக உயர்த்தினார்கள். அதோடு ஹோம்ஸ்டெட் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று உச்சவரம்பும் உண்டு. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பள்ளி வரித் தொகை அதற்குமேல் ஏறாமல் அப்படியே இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் அங்கேயே இருந்த பெரியவர் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கட்டும் வரி சந்தை மதிப்புக்கு எத்தனையோ கீழே இருக்கும். நீங்கள் வாங்கியதும் அவருடைய உச்சவரம்பு போய்விடும். அடுத்த ஜனவரி 1 அன்று சந்தை மதிப்பில் புதிதாகக் கணக்குப் போடுவார்கள்.

புதுக் கட்டட வீடு என்றால் இன்னும் மோசம். வரி மதிப்பு ஜனவரி 1 நிலவரப்படி. அந்தத் தேதியில் வெறும் மனைதான் இருந்தது என்றால் முதல் ஆண்டு மனைக்கு மட்டும் வரி. கடன் கொடுக்கும் லெண்டரும் அதை வைத்தே எஸ்க்ரோ, அதாவது வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு சேர்த்து எடுத்து வைக்கும் பணம், பிடிப்பார். எங்கள் வீட்டுக்கு இரண்டாம் ஆண்டு வந்த கடிதத்தில் முழு வீட்டு வரியும், முதல் ஆண்டு பிடிக்காமல் விட்ட பற்றாக்குறையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. மாதத் தவணை ஒரே அடியில் எகிறியது. விற்ற கம்பெனியின் ஆள் காட்டிய தாளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நகர எல்லைக்கு வெளியே புதிதாக எழும்பும் குடியிருப்புகளில் மட் என்கிற முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட் வரி தனியாக வரும். தண்ணீர், கழிவுநீர்க் குழாய் போட வாங்கிய கடனை அங்கே குடியிருப்பவர்கள் அடைப்பதுதான் அது. பிட், அதாவது பப்ளிக் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட், என்று இன்னொரு வகைக் கட்டணமும் உண்டு. வீட்டு விலை பக்கத்து ஊரைவிடக் குறைவாக இருந்தால் முதலில் இந்த இரண்டையும் கேளுங்கள். வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்தக் காகிதம் கையெழுத்துப் போடும் கட்டின் நடுவில் எங்கேயோ இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்: வீடுகளுக்கு வரி மதிப்புப் போடும் கவுன்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் தளத்தில் முகவரியைப் போட்டு, எந்தெந்த அமைப்புகள் எவ்வளவு சதவீதம் வரி போடுகின்றன என்று கூட்டுங்கள். அதை நீங்கள் கொடுக்கப் போகும் விலையால் பெருக்குங்கள். விலக்கு இல்லாமல் வரும் அந்தத் தொகையைத் தாங்க முடிந்தால் மட்டும் மேலே போங்கள்.

---

கார்த்திகைப்பூ எழுதியது:

படித்துவிட்டு, நாங்கள் பிடித்துப்போய்க் குறித்து வைத்திருந்த வீட்டுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். பட்டியலில் இருந்ததைவிட வரி எங்கேயோ போய் நிற்கிறது. இப்போதே தெரிந்ததே, அதுவே பெரிய உதவி.

இன்னொரு சந்தேகம். நியூஜெர்சியில் ஒப்பந்தம் போட்ட பிறகு மூன்று வேலை நாள் வக்கீல் பார்ப்பதற்கு என்று இருக்கும், பிடிக்கவில்லை என்றால் அதற்குள் விலகலாம். இங்கே வக்கீலே வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் நம்மை யார் பார்த்துக்கொள்வார்கள்?

---

மூன்றாம்தெரு எழுதியது:

இங்கே பெரும்பாலும் டைட்டில் கம்பெனிதான், அதாவது சொத்தின் உரிமையைச் சரிபார்த்துப் பணத்தை நடுவில் வைத்திருக்கும் நிறுவனம்தான், எல்லாவற்றையும் முடிக்கும். வக்கீல் வைத்துக்கொள்ளத் தடை இல்லை, பழக்கம் இல்லை, அவ்வளவுதான். உங்களுக்கான பாதுகாப்பு ஆப்ஷன் பீரியட்.

விற்பவருக்கு ஒரு சிறு தொகையை ஆப்ஷன் ஃபீயாகக் கொடுத்து, பேசி முடிவு செய்த சில நாட்களை வாங்கிக்கொள்கிறீர்கள். அதற்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். ஆப்ஷன் ஃபீ திரும்ப வராது, ஒப்பந்தத்தோடு கட்டும் எர்னஸ்ட் மணி என்கிற முன்பணம் வந்துவிடும். வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர், இன்ஜினியர், காப்பீடு விசாரிப்பது எல்லாம் இந்த நாட்களுக்குள் முடிய வேண்டும். சனி ஞாயிறும் கணக்கில் சேரும். கடைசி நாள் மாலை 5 மணியோடு கதவு சாத்தப்படும், 5.10க்கு அனுப்பிய மின்னஞ்சல் செல்லாது. ஒப்பந்தம் கையெழுத்தான மூன்று நாட்களுக்குள் இரண்டு தொகையும் டைட்டில் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் ஆஃபர் போடும் முன்பே இன்ஸ்பெக்டரிடம் தேதி கேட்டு வையுங்கள்.

புதுக் கட்டட கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் சொந்த ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். அதில் ஆப்ஷன் பீரியட் இருக்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

க்ளோசிங்குக்கு, அதாவது வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றி முடிப்பதற்கு, பணம் அனுப்பும்போது மின்னஞ்சலில் வந்த கணக்கு எண்ணை நம்பி அனுப்பாதீர்கள். நீங்களாகத் தேடி எடுத்த தொலைபேசி எண்ணில் டைட்டில் கம்பெனியைக் கூப்பிட்டு, எண்ணை வாயால் சொல்லிச் சரிபாருங்கள். போலி மின்னஞ்சலை நம்பி முழு டவுன் பேமென்டையும் பறிகொடுத்தவர்கள் உண்டு.

---

ஒருவருடம்பொறு எழுதியது:

எல்லோரும் எப்படி வாங்குவது என்று சொல்கிறீர்கள். ஏன் இப்போதே வாங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே?

ஒரு ஆண்டு வாடகைக்கு இருங்கள். எந்தச் சாலை எட்டு மணிக்கு நிற்கும், எந்த டோல் ரோட்டில் தினமும் பணம் போகும், கணவரின் ஆபீஸ் உண்மையில் வாரத்தில் எத்தனை நாள் கூப்பிடும் என்பதெல்லாம் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். புது வேலை ஆறு மாதத்தில் ஆட்டம் கண்டால் வாடகை வீட்டை விட்டுப் போய்விடலாம். வாங்கிய வீட்டை விற்றால் கமிஷனும் க்ளோசிங் செலவும் சேர்ந்து கையிலிருப்பதைத் தின்றுவிடும்.

---

நீலகண்டப்பறவை எழுதியது:

சொல்வது எளிது. வாடகை வீடும் தேடித்தான் பாருங்களேன். ஒவ்வொரு வீட்டுக்கும் பெரியவர்கள் தலைக்கு ஒரு விண்ணப்பக் கட்டணம், அது திரும்ப வராது. வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் காட்டு என்கிறார்கள், புது வேலையில் சம்பளச் சீட்டே இன்னும் வரவில்லை. பாதி விளம்பரங்கள் போலி. விற்பனைக்கு இருக்கும் வீட்டின் படத்தை எடுத்துப் போட்டு, “நான் வெளியூரில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்று ஒருவர் எங்களிடம் பேசினார். அத்தனையும் முடித்துக் குடியேறி, பிள்ளை பள்ளியில் ஒரு தோழியைப் பிடித்த நேரத்தில் மறுபடி கிளம்பு என்பதா?

---

ஒருவருடம்பொறு எழுதியது:

பிள்ளைகள் விஷயம் எனக்கும் புரிகிறது. அதனால்தான் எந்தப் பள்ளி வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அந்த எல்லைக்குள்ளேயே வாடகைக்குப் பாருங்கள் என்பேன். பிறகு வாங்குவதையும் அதற்குள்ளேயே வாங்கலாம்.

---

ஏரிக்கரை எழுதியது:

பள்ளி எல்லை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஊரும் பள்ளி மாவட்டமும் வேறு வேறு. பிளேனோ நகரத்துக்குள்ளேயே சில பகுதிகள் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் வரும். ஃபிரிஸ்கோவுக்குள் சில தெருக்கள் ப்ராஸ்பர் அல்லது லூயிஸ்வில் மாவட்டத்தில் வரும். முகவரியில் இருக்கும் ஊர்ப் பெயர் தபால்காரருக்குத்தான் உதவும். விற்பனைத் தளங்களில் காட்டும் பள்ளிப் பெயரை நம்பாமல் மாவட்டத்தின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், தொலைபேசியிலும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அந்த எல்லையும் நிரந்தரம் இல்லை. புதிதாக வளரும் ஊரில் பள்ளி திறக்கத் திறக்க மாற்றுவார்கள். பழைய ஊரில் பிள்ளைகள் குறைந்தால் மூடுவார்கள். பிளேனோவில் 2024இல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தார்கள். அந்தப் பள்ளிக்காகவே வீடு வாங்கியவர்களின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! ஒரே ஒரு பள்ளியை நம்பி விலை கொடுக்காதீர்கள், மாவட்டம் முழுவதும் உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள்.

---

ஹூஸ்டன்வாசி எழுதியது:

நான் வேறு ஊர் என்றாலும் எழுதுகிறேன், வெள்ளம் டாலஸ் ஓடைக் கரைகளுக்கும் வருவதுதான்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது மேற்கு ஹூஸ்டனில் ஆடிக்ஸ், பார்க்கர் அணைகளுக்குப் பின்னால், தண்ணீர் தேங்கும் பரப்புக்குள்ளேயே கட்டியிருந்த ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின. தங்கள் வீடு நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. அதன் பிறகுதான் 2019 செப்டம்பர் முதல், முன்பு வெள்ளம் வந்ததா, நீர்த்தேக்கப் பரப்பில் இருக்கிறதா என்று விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். அந்தப் படிவத்தை வரி விடாமல் படியுங்கள்.

“100 ஆண்டு வெள்ளம்” என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அர்த்தம். 30 ஆண்டுக் கடனுக்குள் ஒருமுறையாவது வருவதற்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு. மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபெமாவின் வரைபடத்தில் எக்ஸ் (ஆபத்து குறைந்த பகுதி) என்று போட்டிருந்தாலும் நான் வெள்ளக் காப்பீடு எடுப்பேன். அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரை, சாமான்களுக்கு 1,00,000 வரை. வழக்கமாக 30 நாள் காத்திருந்த பிறகே அமலுக்கு வரும், வீட்டுக் கடன் க்ளோசிங்கோடு சேர்த்து எடுத்தால் காத்திருக்க வேண்டாம்.

வீடு பார்க்கும்போது கராஜுக்குள் போய், அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் உள்ளே எல்லாம் புதுசு, கராஜ் சுவரில் முழங்கால் உயரத்தில் மட்டும் வண்டல் கோடு அழியாமல் இருந்தது.

---

கரிசல்காட்டான் எழுதியது:

காப்பீடு பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். டாலஸ் பக்கம் ஆலங்கட்டி மழை கூரையை நாசம் செய்யும். இங்கே காற்று, ஆலங்கட்டிக்கான டிடக்டிபிள் பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கும். 5 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் முதல் 10,000 டாலர் உங்கள் கையிலிருந்து. கூரை பழசாக இருந்தால் சில கம்பெனிகள் புதுக் கூரைக்கான செலவைத் தராது, தேய்மானம் கழித்த மதிப்பைத்தான் தரும். ஆப்ஷன் நாட்களிலேயே கூரையின் வயதைச் சொல்லி இரண்டு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். விற்பவரிடம் க்ளூ ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஏழு ஆண்டுகளில் அந்த வீட்டின் மேல் போட்ட க்ளெய்ம்கள் அதில் தெரியும்.

இன்னொன்று, டெக்சஸில் விற்ற விலையைப் பொதுப் பதிவில் வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. இணையத்தில் காட்டும் மதிப்பு வெறும் ஊகம். அதே குடியிருப்பில் ஆறு மாதத்தில் விற்றவற்றின் பட்டியலை ஏஜென்டிடமிருந்து வாங்குங்கள், அவருக்கு அது தெரியும்.

---

காத்திருப்புவரிசை எழுதியது:

எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்காக. வேலை இடம் வேறு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால், அங்கே வேலையை ஆரம்பிக்கும் முன்பே கம்பெனி திருத்திய மனு தாக்கல் செய்ய வேண்டும். அது முடிந்ததற்கான ரசீதைக் கையில் வாங்காமல் வீட்டுக் கடனுக்குப் போகாதீர்கள், லெண்டர் அதைக் கேட்கலாம். 2025 மே 25 முதல், நிரந்தர வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டவர்களுக்கு எஃப்எச்ஏ என்கிற அரசு உத்தரவாதக் கடன் கிடையாது. அரசு உத்தரவாதம் இல்லாத கன்வென்ஷனல் கடன் கிடைக்கும், புது வேலையின் ஆஃபர் லெட்டரை ஏற்கும் லெண்டர்களும் உண்டு. வாடகையா, வாங்குவதா என்று மேலே சண்டை போடுகிறீர்கள். என்னைப் போலப் பச்சை அட்டைக்குக் காத்திருப்பவர்களுக்கு வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். நான் வாடகைப் பக்கம்.

---

கார்த்திகைப்பூ எழுதியது:

இத்தனை பேர் உட்கார்ந்து இவ்வளவு எழுதியதற்கு எப்படி நன்றி சொல்வேன். நேற்று இரவு இருவருமாக உட்கார்ந்து முழுவதும் படித்தோம்.

எங்கள் முடிவு: அந்தக் கதவு பூட்டாத வீடு வேண்டாம். விற்பவரிடம் அஸ்திவார ரிப்போர்ட் கேட்டோம், பதில் வரவில்லை. ஏரிக்கரை சொன்னபடி பள்ளி மாவட்டத்தை முதலில் முடிவு செய்துவிட்டோம். அபார்ட்மென்ட் லீஸை மாத லீஸாக நீட்டித் தருகிறார்கள், வாடகை கொஞ்சம் கூடும். ஒருவருடம்பொறு அவர்களே, ஒரு ஆண்டு எங்களால் முடியாது, பெரியவள் அடுத்த ஆண்டு மிடில் ஸ்கூல் போகிறாள், அதற்குள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஆனால் இந்தக் கோடை முடியும்வரை அவசரப்படப் போவதில்லை. மண் காய்ந்திருக்கும் நேரத்தில் வீடு பார்ப்பதும் நல்லதுதானே, கரிசல்காட்டான் அண்ணா?

நடு ஆண்டில் வாங்கினால் ஹோம்ஸ்டெட் விலக்கு அந்த ஆண்டே கிடைக்குமா, அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டுமா?

---

கரிசல்காட்டான் எழுதியது:

ஆமாம் தங்கச்சி, ஆகஸ்ட் கடைசியில் பாருங்கள். ஈரக் காலத்தில் மூடிக்கொண்டிருந்த வெடிப்பெல்லாம் அப்போது வாய் திறந்திருக்கும்.

---

எஸ்க்ரோகடிதம் எழுதியது:

2022 முதல் விதி மாறிவிட்டது, ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். பழைய உரிமையாளர் அந்த ஆண்டுக்கு ஹோம்ஸ்டெட் வாங்கியிருக்கவில்லை என்றால், நீங்கள் குடியேறிய நாளிலிருந்து விகிதப்படி கிடைக்கும். அவர் வாங்கியிருந்தால் அந்த ஆண்டு பில்லிலேயே அது கழிந்திருக்கும், நீங்கள் அடுத்த ஆண்டுக்கு ஏப்ரல் 30க்குள் விண்ணப்பியுங்கள். 10 சதவீத உச்சவரம்பு மட்டும் உடனே வராது, விலக்கு கிடைத்த முதல் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்துதான்.

விண்ணப்பம் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் இலவசம். வாங்கிய சில வாரங்களில் கட்டணம் கேட்டு அரசுக் கடிதம் போலவே தபாலில் காகிதங்கள் வரும், அவற்றைக் கிழித்துப் போடுங்கள். விண்ணப்பத்தோடு அந்த வீட்டு முகவரி போட்ட டெக்சஸ் டிரைவிங் லைசென்ஸ் வேண்டும். குடிவந்த 90 நாட்களுக்குள் எப்படியும் லைசென்ஸை மாற்றத்தான் வேண்டும், வண்டிப் பதிவுக்கு 30 நாள்தான். லைசென்ஸ் அலுவலகத்தில் நேரம் கிடைக்க வெகு நாட்கள் ஆகலாம். இப்போதே பதிவு செய்துவிடுங்கள், வீடு வாங்கியதும் முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.